காணிக்கைக்கு முன்னால் கூலி பாக்கி: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் பெற்று ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள், பல வருடம் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது திரும்பி வந்திருப்பவர்கள், ஊரில் இருந்தவரை அம்மா எழுப்பிவிட்டதால் பூசைக்குப் போய்க்கொண்டிருந்து, ஓசூரில் கம்பெனி வேலை, தனி ரூம் என்று ஆனதும் எல்லாம் விட்டுப்போனவர்கள். கோவிலூர், எலத்தகிரி மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் வாழ்கிற ஊரில் பிறந்தவர்களுக்குப் பாதி வேலையை ஊரே செய்துவிடும். மணி அடிக்கும், பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள், தவக்கால வெள்ளிக்கிழமை கறி எடுக்கப் போனால் யாராவது ஒருவர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தெருவிலேயே நீங்கள் ஒருவர்தான் கிறிஸ்தவர் என்றால் அந்த வசதி கிடையாது, நீங்களாகத்தான் பழக வேண்டும்.

"நல்ல கிறிஸ்தவனா வாழணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், ஜெபம் பண்ணுங்கள், வேதம் வாசியுங்கள், ஏழைகளுக்கு உதவுங்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வந்தவர்கள் மூன்றாவதற்கு உடனே தாவிவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, செய்த அன்றைக்கே மனசுக்கும் இதமாக இருக்கிறது. பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். அதே ஆளின் தோப்பில் வேலை செய்த அம்மாவுக்கு மூன்று வாரக் கூலி நின்றுகொண்டிருக்கும். தானம் கொடுப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்த வரிசை மாறினால் அந்தச் சாப்பாட்டுக்கே அர்த்தம் இல்லை.

இதை நானாகக் கிளப்பவில்லை. அயலானை உன்னைப் போல நேசி என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை, லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் 18ஆம் வசனமாக இருக்கிறது (கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் லேவியர் என்று தேடுங்கள்). அந்த வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள்தான் குறைவு. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதே, காது கேளாதவனைத் திட்டாதே, கோள் சொல்லித் திரியாதே, நரைத்த தலைக்கு முன்னால் எழுந்து நில், அந்நியனைக் கொடுமைப்படுத்தாதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும். முழுக்க களத்துமேடும் சந்தையும் சம்பந்தப்பட்ட பேச்சு. இன்றைக்கு ராத்திரி அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு, நாளைக் காலையில் கீழே இருப்பதை ஆரம்பியுங்கள்.

முதல் படி: பாக்கி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதுங்கள். கூலி, கைமாற்று, மளிகைக் கடைக் கணக்கு, கட்டாமல் விட்ட சீட்டுத் தவணை, வாங்கிப் போய் திருப்பித் தராத கடப்பாரை, "பையனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவிடுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனது, எல்லாமே. எழுதும்போது சில பெயர்கள் வர மறுக்கும், அந்தப் பெயர்களை முதலில் எழுதுங்கள்.

கூலிதான் இதில் பெரியது. கிருஷ்ணகிரிப் பக்கம் மே முதல் ஜூலை வரை மாங்காய் சீசனில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மண்டியில் பணம் வரட்டும், கூழ் பேக்டரியில் பில் பாஸ் ஆகட்டும் என்று தோப்புக்காரர் சொல்வார், அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஆனால் மரமேறிக் காய் பறித்தவருக்கு அன்றைக்கு ராத்திரி அரிசி வாங்க வேண்டும். உபாகமம் 24 சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. நம் வியாபாரத்தின் ரிஸ்க்கை நாம்தான் சுமக்க வேண்டும், காய் பறித்தவர் தலையில் ஏற்றக் கூடாது. சீசனுக்கு முன்னாலேயே பத்து நாள் கூலியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். முடியவே இல்லையா, ஆளைத் தேடிப் போய் என்றைக்குத் தருவேன் என்று தேதி சொல்லுங்கள். ஜிபேயில் நெட்வொர்க் சுற்றுகிறது என்று சொல்லி ஆளை அனுப்புவது மட்டும் வேண்டாம், அது அவருக்கும் தெரியும்.

இன்னொரு பாக்கி வீட்டுக்குள் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசமே சட்டத்தில் இல்லை. "கல்யாணத்துக்குத்தான் செஞ்சாச்சே" என்று சொல்லித் தங்கச்சியை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் மனதாரக் கொடுத்தால் வேறு விஷயம். அவளுடைய பங்கு எவ்வளவு என்று அவளுக்கே சொல்லாமல் வாங்கினால் அது கொடுத்தது ஆகாது. வரி வசூலிக்கிற சகேயு இயேசுவை வீட்டில் வரவேற்ற அன்றைக்கே, யாரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19). நாலு மடங்கு முடியாவிட்டாலும் ஒரு மடங்காவது முடியும்.

இரண்டாம் படி: தராசு

விற்பவராக இருந்தால் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, எங்கே கை சுருங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். பூ அளக்கும்போது முழம் சின்னதாவது, தக்காளிப் பெட்டியில் மேலே நல்லதும் அடியில் நசுங்கினதும், கார்பைட் கல் வைத்து ஒரே ராத்திரியில் மஞ்சளாக்கின மாம்பழம். கல் வைப்பதை உணவுப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது, எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி இருக்கிறது. அதனால் "வேற வழி இல்ல" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

வாங்குகிறவருக்கும் தராசு உண்டு, அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி விலை விழுந்து, பறித்த கூலிகூடத் தேறாமல் விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற வாரத்தில், அவரிடமே நின்று இன்னும் ரெண்டு ரூபாய் குறை என்று பேரம் பேசுவது சட்டப்படி தப்பே இல்லை. ஓசூர் மாலில் ஒட்டியிருக்கிற விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்து, கீரைக்கார அம்மாவிடம் மட்டும் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கிறோம். இதை நிறுத்துவதற்குக் காசும் பெரிதாகச் செலவாகாது.

நிலம் உள்ளவர்களுக்கு ஒன்று. நிலக்கடலை பிடுங்கின காட்டில் மண்ணுக்குள் தங்கின காயைப் பொறுக்க வருபவர்களை விரட்டாதீர்கள். வேதத்தில் ரூத் என்ற ஏழை விதவை போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் செய்தது அப்படிப் பொறுக்கியதுதான். போவாஸ் ஒரு படி மேலே போய், வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போட்டுவிட்டு வாருங்கள் என்று வேலையாட்களிடம் சொல்லி வைத்தார்.

மூன்றாம் படி: வாயும் போனும்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பார்வர்ட் செய்யும் முன் இது உண்மையா, இது ஒருவரின் மானத்தை வாங்குமா என்று இரண்டு கேள்வி. காலையில் வசனம் போட்ட அதே குரூப்பில் மத்தியானம் எந்த வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று ஆடியோ போடுகிறவர், தயவுசெய்து வசனத்தையாவது நிறுத்துங்கள்.

நம் பக்கத்துக்கு என்றே ஒரு பேச்சு இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "மூணாவதும் பொண்ணா?" பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட வட்டாரம் இது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் ஆரம்பித்து, அப்புறம் தருமபுரிக்கும் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை இருந்தது. பிரசவ வார்டில் அந்தக் கேள்வியை முகத்தைச் சுளித்துக் கேட்கிறவர்கள் அந்தப் பழைய கொடுமைக்கு இன்றும் வாயால் ஒத்தாசை செய்கிறார்கள். குழந்தையைக் கையில் வாங்குங்கள், ஆண் குழந்தைக்கு வாங்கிப் போகிற அதே ஸ்வீட்டை வாங்கிப் போங்கள்.

வாயைத் திறக்க வேண்டிய இடமும் உண்டு. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால் மொய் எழுதப் போகாதீர்கள். முடிந்தால் பெண்ணின் அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள், பேசிப் பயன் இல்லை என்று தோன்றினால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், உங்கள் பெயரைச் சொல்லாமலே தகவல் தரலாம். இது கோள் சொல்வது ஆகாதா என்று கேட்பார்கள். அதே லேவியராகமம் 19, கோள் சொல்லாதே என்ற கையோடு, அயலானின் உயிருக்கு ஆபத்து என்றால் பார்த்துக்கொண்டு நிற்காதே என்றும் சொல்கிறது, அதுவும் அதே வசனத்தில்.

நான்காம் படி: தொப்பூர் இறக்கம்

நல்ல சமாரியன் கதை தெரியாதவர் இல்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற பாதை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்குகிற மலைப்பாதை, அடிபட்டுக் கிடந்தால் நின்று பார்க்க யாரும் பயப்படுகிற இடம். நமக்கு அந்தப் பாதை தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில், தொப்பூர் கணவாயில் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக இடித்துக்கொண்டு போகிற விபத்து, இரட்டைப் பாலம் பக்கம் மாதத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. நம்மில் பாதிப் பேர் போனை எடுப்பது 108க்கு இல்லை, வீடியோவுக்கு.

எனவே வண்டியை ஓட்டும்போதே இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வளைவில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, நாலு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த லாரிக்கு நீங்கள்தான். முதலில் 108. எந்தப் பக்கம், எந்தப் பாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்று இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்பதால் வண்டி தீப்பிடிக்கிற மாதிரி ஆபத்து இல்லாவிட்டால் இழுத்துப் போடாதீர்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் நியாயமான பயமாகத்தான் இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், உதவி செய்தவர்மேல் அந்த உதவிக்காக வழக்கு வராது, விருப்பம் இல்லாவிட்டால் பெயர் விலாசம் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு ஆஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அரசு செலவில் நடக்கிறது, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். பணம் யார் கட்டுவது என்ற கேள்வி இனி உங்கள் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

அந்தக் கதையில் புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமாரியன் காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு தெனாரியம் கொடுத்தான், அந்தக் காலத்து இரண்டு நாள் கூலி. அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரரிடம் சொல்லிவிட்டு. தன் பயணத்தை விட்டுவிடவில்லை. எல்லாரையும் நானே காப்பாற்றுவேன் என்று ஆரம்பித்து மூன்றே மாதத்தில் களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களுக்கு இது நல்ல அளவு.

ஐந்தாம் படி: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்

இது கஷ்டமான படி. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள், அந்த மாவட்டத்தில்தான் நாம் சமாதானத்தின் திருப்பலி நடத்துகிறோம். கிறிஸ்தவர்கள் மட்டும் சுத்தம் என்று சொல்லவும் முடியாது, கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்க்கிற பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு. மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தல்காரனுக்கு என் கால்மாட்டில் இடம் என்று பிரித்தால் நீங்கள் அநியாய நீதிபதிகள் என்கிறார் யாக்கோபு (2ஆம் அதிகாரம்), சுற்றி வளைக்காமல்.

மாநாடு போட்டு இதை மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டு வேலைக்காரருக்கும் கிணறு தூர் வார வருபவருக்கும் தனி டம்ளர் இருக்கிறதா என்று சமையலறையில் போய்ப் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பாட்டி சத்தம் போடுவார், போடட்டும். அப்புறம் கிறிஸ்துமஸுக்கோ பிள்ளையின் புதுநன்மைக்கோ யாரைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று யோசியுங்கள். நாம் மொய் நோட்டைப் பார்த்துத்தான் பத்திரிகை வைக்கிறோம், யார் எவ்வளவு எழுதினார்கள், யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று. லூக்கா 14இல் இயேசு சொல்வது இதற்கு நேர் எதிர்: திருப்பிச் செய்ய முடியாதவர்களைக் கூப்பிடு. மொய் வழக்கத்தை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, பல குடும்பங்களுக்கு அது ஒரு கடன் வசதி. நோட்டில் பெயரே இல்லாத நாலு குடும்பத்தைக் கூப்பிட்டு, அவர்களை உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற அதே பந்தியில் உட்கார வையுங்கள்.

மாரியம்மன் திருவிழாவில் பக்கத்து வீட்டு அக்கா கூழ் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது என்று புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சபைக்குச் சபை பதில் மாறும், உங்கள் பங்குத்தந்தையிடமோ பாஸ்டரிடமோ கேட்டு மனச்சாட்சிப்படி முடிவெடுங்கள், பவுலும் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் இதைத்தான் பக்குவமாகப் பேசுகிறார். எந்த முடிவானாலும் அந்த அக்காவின் முகம் வாடாமல் சொல்லுங்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஓசூரில் அந்நியர்

சிப்காட் பக்கம் ஒடிசா, பிகார், ஜார்கண்ட் பிள்ளைகள் ஒரே ரூமில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். வீட்டு வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துவிட்டு, தண்ணீர் மோட்டாரை மட்டும் அரை மணி நேரம் போடுகிற ஓனர் கிறிஸ்தவராகவும் இருக்கிறார். அந்நியனைக் கொடுமைப்படுத்தாதே, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்கிறது வேதம். நமக்கு எகிப்து வரை போக வேண்டியதில்லை. பென்னாகரத்திலும் அரூரிலும் எத்தனை வீட்டில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஷெட்டில் படுத்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே நம் ஆளை ஒருவர் ஒருமையில் கூப்பிட்டால் வலிக்கும் இல்லையா, "டேய் இந்திக்காரா" என்பதும் அப்படித்தான். பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதத் தெரியாமல் நின்றால் எழுதிக் கொடுங்கள்.

ஏழாம் படி: சண்டை

காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானம் ஆகு (மத்தேயு 5). கவனியுங்கள், உனக்கு அவன்மேல் கோபம் என்றால் என்று சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல். வரப்புத் தகராறு, போர் தண்ணீர்ப் பங்கு, கல்யாணத்தில் முறையாகக் கூப்பிடவில்லை என்ற கோபம், எதுவானாலும் முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், அப்புறம் ஒருவர் இருவரை வைத்து, கடைசியில்தான் சபை. நாம் தலைகீழாக, முதலில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவரிடம் போகிறோம். போகும்போது வசனம் பேசாதீர்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். உங்களை அடிக்கிற, மிரட்டுகிற ஆள் என்றால் இந்தப் படி பொருந்தாது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னித்துக்கொண்டு இருந்துவிடு என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்கிறவர்களை நம்பாதீர்கள், பெண்களுக்கான உதவி எண் 181.

எட்டாம் படி: இப்போது தானம்

நோட்டில் பாக்கி குறைந்திருக்கும், அல்லது தேதியாவது போட்டிருப்பீர்கள். சரி, இப்போது கொடுக்கலாம். சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றால் இன்றைக்கு அதற்கு அர்த்தம், செல்பி கூடாது, வாங்குகிறவரின் முகம் எந்த போனிலும் இருக்கக் கூடாது. பணம் மட்டும்தான் தானம் என்றும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிற, 18 வயதுக்கு மேல் 45 கிலோவாவது எடை உள்ளவர் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ரத்தம் கொடுக்கலாம், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை.

தனியாகச் செய்வதைவிட ஒரு கூட்டத்தோடு சேர்ந்து செய்யுங்கள். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். 1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் ஆரம்பித்தது, இன்றைக்கும் அதே முறைதான்: இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போவது, உட்கார்ந்து பேசுவது, கூட்டத்தில் பையைச் சுற்றிவிட்டு யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமல் சேர்ப்பது. ஞாயிறு பூசை முடிந்ததும் யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள், வேறு சபைக்காரர் என்றால் உங்கள் சபையில் வீடு சந்திக்கப் போகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். முதல் சில மாதம் பேசாமல் கூடப் போனால் போதும். ஒரு வீட்டை ஏற்றுக்கொண்டால் தீபாவளி, கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று இல்லாமல் பிள்ளையின் பள்ளி வருடம் முடியும் வரை போங்கள், ஜூனில் நோட்டுப் புத்தகம் வாங்கும்போது ஒரு முறை, மார்ச்சில் பரீட்சை சமயத்தில் ஒரு முறை, நடுவில் கையில் ஒன்றும் இல்லாமலும் ஒரு முறை.